விலகுவோருக்குக் கெடு விதிப்பது யார்? கர்நாடகக் கூட்டணி வழக்குகளும் அரசமைப்புச் சட்டத்தில் இல்லாத காலவரம்பும்

பெங்களூரு: ஆளும் கூட்டணியிலிருந்து விலக விரும்பும் சட்டப்பேரவை உறுப்பினர் எந்த நாளில், எந்த நேரத்தில் விலகியவராகக் கருதப்படுவார்? அந்த நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு உரியதா, ஆளுநருக்கு உரியதா, நீதிமன்றத்துக்கு உரியதா? கர்நாடகத்தில் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளின் மையத்தில் இருந்தவை இந்தக் கேள்விகளே. ஒரு முதல்வர் பதவி விலகியதும், ஓர் ஆட்சி கவிழ்ந்ததும், 17 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டதும் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் விதிக்கப்பட்ட கெடுக்களின் ஊடாகவே நிகழ்ந்தன.

அதே 2019-ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறும் நாள் குறித்த வழக்குகளும் லண்டனிலும் எடின்பரோவிலும் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாடு ஒன்றியத்திலிருந்து விலகுவதும், உறுப்பினர்கள் ஆளும் அணியிலிருந்து விலகுவதும் அளவில் ஒப்பிட முடியாதவை. ஆயினும், விலகும் நேரத்தைக் குறிக்கும் அதிகாரம் யாருடையது என்ற சட்டக் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. கர்நாடக வழக்குகளின் பின்னணி, அவற்றில் வழங்கப்பட்ட உத்தரவுகள், அவற்றின் தொடர்ச்சியாக இன்றுள்ள சட்ட நிலை ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

15 நாள்கள் ஒரு நாளாகச் சுருங்கியது

2018 மே 12-இல் நடைபெற்ற கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாஜக 104 இடங்களைப் பெற்றுத் தனிப்பெரும் கட்சியானது. காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் (மஜத) தேர்தலுக்குப் பிறகு கூட்டணி அமைத்து, ஆட்சியமைக்க உரிமை கோரின. ஆளுநர் வஜுபாய் வாலா, பாஜகவின் பி.எஸ். எடியூரப்பாவை ஆட்சியமைக்க அழைத்து, பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்க 15 நாள்கள் அவகாசம் அளித்தார்.

இதை எதிர்த்து மே 16 இரவு காங்கிரஸ், மஜத தரப்பினர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, எஸ்.ஏ. போப்டே, அசோக் பூஷண் ஆகியோர் அடங்கிய அமர்வு நள்ளிரவு கடந்து மனுவை விசாரித்தது. பதவியேற்புக்குத் தடை விதிக்க அமர்வு மறுத்தது. எடியூரப்பா மே 17 காலை பதவியேற்றார். ஆனால் மே 18-இல் நடந்த தொடர் விசாரணையில், மறுநாள் மாலை 4 மணிக்கே பேரவையில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என அமர்வு உத்தரவிட்டது. ஆளுநர் அளித்த 15 நாள் அவகாசம் ஒரே நாளாகச் சுருங்கியது. மே 19-இல் வாக்கெடுப்புக்கு முன்பாகவே எடியூரப்பா பதவி விலகினார். மே 23-இல் மஜதவின் எச்.டி. குமாரசாமி தலைமையில் கூட்டணி அரசு அமைந்தது.

அவகாசம் நீண்டால் உறுப்பினர்களைத் தம் பக்கம் இழுக்கும் முயற்சிகளுக்கு இடமேற்படும் என்பது எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது. 14 மாதங்களுக்குப் பிறகு அதே கட்சிகள் மாறுபட்ட நிலையை எடுக்க நேர்ந்தது. அப்போது கூடுதல் அவகாசம் கூட்டணிக்குத் தேவைப்பட்டது. உடனடி வாக்கெடுப்பை பாஜக கோரியது.

விலகுவதற்கு இரு வழிகள்

2019 வழக்குகளைப் புரிந்துகொள்ள, ஓர் உறுப்பினர் பதவியை இழக்கும் இரு வழிகளையும் அறிவது அவசியம்.

முதலாவது, ராஜிநாமா. அரசமைப்புச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி, உறுப்பினர் தம் கைப்பட எழுதிய கடிதத்தைப் பேரவைத் தலைவரிடம் அளிக்க வேண்டும். அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகே இடம் காலியாகும். 1974-இல் மேற்கொள்ளப்பட்ட 33-ஆவது திருத்தத்தின்படி, ராஜிநாமா தாமாக முன்வந்து அளிக்கப்பட்டதா, உண்மையானதா என்பதைப் பேரவைத் தலைவர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, தகுதி நீக்கம். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையே பொதுவழக்கில் கட்சித் தாவல் தடைச் சட்டம் எனப்படுகிறது. தம் கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தாமாகத் துறந்தாலோ, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்கெடுப்பைப் புறக்கணித்தாலோ உறுப்பினர் தகுதி இழப்பார். அதைத் தீர்மானிப்பவரும் பேரவைத் தலைவரே. அவரது முடிவு நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது என்று 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

இரு வழிகளிலும் பதவி பறிபோகும் என்றாலும் விளைவுகள் வேறுபட்டவை. ராஜிநாமா செய்தவர் மறுநாளே புதிய அரசில் அமைச்சராகலாம்; ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையின் உறுப்பினராக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தகுதி நீக்கம் செய்யப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2003-இல் மேற்கொள்ளப்பட்ட 91-ஆவது திருத்தத்தின்படி, அவரது பதவிக்காலம் முடியும் வரையோ, மீண்டும் தேர்தலில் வெற்றி பெறும் வரையோ அவர் அமைச்சராக முடியாது. ஊதியம் பெறும் அரசியல் பதவிகளும் அவருக்கு மறுக்கப்படும்.

எனவே ஒரே உறுப்பினர் மீது ராஜிநாமா கடிதமும் தகுதி நீக்க மனுவும் ஒரே சமயத்தில் நிலுவையில் இருந்தால், எது முதலில் முடிவு செய்யப்படுகிறது என்பது அவரது எதிர்காலத்தையும் ஆட்சியின் ஆயுளையும் தீர்மானிக்கக்கூடும். ஆனால் இந்த முடிவுகளை எத்தனை நாள்களுக்குள் எடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் கூறவில்லை. வழக்குகள் அனைத்தும் இந்த இடைவெளியிலிருந்தே எழுந்தன.

மாலை 6 மணிக்குள் ஆஜராக உத்தரவு

2019 ஜூலை முதல் வாரத்தில் காங்கிரஸ், மஜத உறுப்பினர்கள் அடுத்தடுத்து ராஜிநாமா கடிதம் அளித்தனர். ஜூலை 6-இல் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் விதான சௌதாவில் உள்ள பேரவைத் தலைவர் அலுவலகத்தில் கடிதங்களை ஒப்படைத்தனர். அவர்களில் பலர் அன்றே மும்பை சென்று விடுதியில் தங்கினர். சில நாள்களில் கடிதம் அளித்தோர் எண்ணிக்கை 16 ஆனது.

224 தொகுதிகளைக் கொண்ட பேரவையில் பெரும்பான்மைக்கு 113 பேரின் ஆதரவு தேவை. 16 இடங்கள் காலியானால் அவையின் பலம் 208 ஆகக் குறையும்; பெரும்பான்மைக்கு 105 போதும். பாஜகவிடம் அப்போது சரியாக 105 உறுப்பினர்கள் இருந்தனர். கடிதங்கள் ஏற்கப்படும் தருணத்தில் ஆட்சி பெரும்பான்மையை இழக்கும் என்பதால், அவை எப்போது ஏற்கப்படும் என்பதே அரசியலின் மையக் கேள்வியானது.

சில கடிதங்கள் உரிய படிவத்தில் இல்லை என்றும், ஒவ்வொருவரையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் பேரவைத் தலைவர் கே.ஆர். ரமேஷ்குமார் தெரிவித்தார். அவர் வேண்டுமென்றே காலம் தாழ்த்துவதாகக் கூறி, 10 உறுப்பினர்கள் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தனர்.

அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய், நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் ஆகியோர் அடங்கிய அமர்வு ஜூலை 11-இல் மனுவை விசாரித்தது. அன்று மாலை 6 மணிக்குள் பேரவைத் தலைவர் முன்பு 10 பேரும் ஆஜராக வேண்டும்; அன்றைய தினமே அவர் முடிவெடுக்க வேண்டும்; பெங்களூரு விமான நிலையத்திலிருந்து அவர்களுக்குக் காவல் துறைப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என அமர்வு உத்தரவிட்டது. உறுப்பினர்கள் மும்பையிலிருந்து விமானத்தில் வந்து விதான சௌதாவில் ஆஜராயினர்.

ஆனால், ராஜிநாமா தாமாக அளிக்கப்பட்டதா என்பதை விசாரிப்பது அரசமைப்புச் சட்டம் விதித்த கடமை என்றும், அதை ஒரே இரவில் முடிக்க இயலாது என்றும் கூறி பேரவைத் தலைவரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஜூலை 12-இல், ராஜிநாமா, தகுதி நீக்கம் ஆகிய இரண்டிலுமே தற்போதைய நிலை நீடிக்க வேண்டும் என்று அமர்வு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பின்னர் மேலும் ஐவர் இணைந்ததால் மனுதாரர்களின் எண்ணிக்கை 15 ஆனது.

ஜூலை 17 உத்தரவு: இரு தரப்புக்கும் பாதி

ஜூலை 16-இல் இரு தரப்பு வாதங்களும் நடந்தன. உறுப்பினர் பதவியில் தொடருமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், தகுதி நீக்க மனுவைக் காட்டி ராஜிநாமாவைத் தடுக்கக் கூடாது என்றும் அதிருப்தி உறுப்பினர்கள் தரப்பில் வாதிடப்பட்டது. தகுதி நீக்க நடவடிக்கையிலிருந்து தப்புவதற்கே ராஜிநாமா என்ற வழி பயன்படுத்தப்படுகிறது என்றும், பேரவைத் தலைவருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க அதிகாரமில்லை என்றும் எதிர்த்தரப்பில் வாதிடப்பட்டது.

மறுநாள் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு இரு பகுதிகளைக் கொண்டிருந்தது. ராஜிநாமா கடிதங்கள் மீது, தமக்குப் பொருத்தமாகத் தோன்றும் கால அளவுக்குள் முடிவெடுக்கும் சுதந்திரம் பேரவைத் தலைவருக்கு உண்டு என்பது முதல் பகுதி. மறு உத்தரவு வரும் வரை 15 உறுப்பினர்களையும் அவை நடவடிக்கைகளில் பங்கேற்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இரண்டாவது பகுதி.

முதல் பகுதியால் காலத்தின் மீதான கட்டுப்பாடு பேரவைத் தலைவரிடமே திரும்பியது. இரண்டாவது பகுதியால், கொறடா உத்தரவுக்கு அந்த 15 பேரிடம் என்ன மதிப்பு என்ற புதிய கேள்வி எழுந்தது. தங்கள் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு பிறப்பிக்கும் கட்சியின் உரிமை, அந்தக் கட்சியை விசாரிக்காமலேயே பறிக்கப்பட்டுவிட்டதாகக் காங்கிரஸ் தரப்பு முறையிட்டது.

ஆளுநரின் கடிதங்களும் நீண்ட விவாதமும்

ஜூலை 18-இல் முதல்வர் குமாரசாமி நம்பிக்கை கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தார். விவாதம் நீண்டது. மறுநாள் பிற்பகல் 1.30 மணிக்குள் பெரும்பான்மையை நிரூபிக்குமாறு ஆளுநர் வஜுபாய் வாலா முதல்வருக்குக் கடிதம் அனுப்பினார். அந்த நேரம் கடந்ததும், ஜூலை 19-ஆம் தேதி முடிவதற்குள் வாக்கெடுப்பை முடிக்கக் கோரி மற்றொரு கடிதம் வந்தது. அந்தக் கெடுவும் கடந்தது.

விவாதத்தில் உள்ள தீர்மானத்தை எப்போது வாக்கெடுப்புக்கு விடுவது என்பது அவையின் அதிகாரம் என்றும், அதில் ஆளுநர் தலையிட முடியாது என்றும் கூறி முதல்வர் உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். வாக்கெடுப்பை உடனே நடத்த உத்தரவிடக் கோரி இரு சுயேச்சை உறுப்பினர்களும் மனு செய்தனர். ஜூலை 22-இல் அந்த மனுவை அன்றே விசாரிக்க நீதிமன்றம் மறுத்தது. அன்று அவை நள்ளிரவை ஒட்டிய நேரம் வரை நடந்தது.

ஜூலை 23 மாலை வாக்கெடுப்பு நடந்தது. பெங்களூருவில் 48 மணி நேரத்துக்கு 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 99 வாக்குகளும் எதிராக 105 வாக்குகளும் பதிவாகி, கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. ராஜிநாமா செய்த 15 பேர் உள்பட 20 உறுப்பினர்கள் அவைக்கு வரவில்லை. ஆளுநரின் அதிகாரம் குறித்த கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடையளிக்கும் முன்பே அரசியல் அதைக் கடந்துவிட்டது.

தகுதி நீக்கம், 2023 வரை தடை

ஆட்சி கவிழ்ந்த பின்னரும் ராஜிநாமா கடிதங்கள் நிலுவையிலேயே இருந்தன. ஜூலை 25-இல் மூவரையும், ஜூலை 28-இல் 14 பேரையும் ரமேஷ்குமார் தகுதி நீக்கம் செய்தார். 15-ஆவது சட்டப்பேரவையின் பதவிக்காலம் முடியும் 2023 வரை அவர்கள் தேர்தலில் போட்டியிட முடியாது என்றும் உத்தரவிட்டார். 17 இடங்கள் காலியானதால் அவையின் பலம் 207 ஆனது. பெரும்பான்மைக்கு 104 போதும் என்ற நிலை உருவானது. ஜூலை 26-இல் முதல்வராகப் பதவியேற்றிருந்த எடியூரப்பா, ஜூலை 29-இல் குரல் வாக்கெடுப்பு மூலம் நம்பிக்கை வாக்கைப் பெற்றார். அன்றே ரமேஷ்குமார் பேரவைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

தகுதி நீக்கத்தை எதிர்த்து 17 பேரும் தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் என்.வி. ரமணா, சஞ்சீவ் கன்னா, கிருஷ்ண முராரி ஆகியோர் அடங்கிய அமர்வு 2019 நவம்பர் 13-இல் தீர்ப்பளித்தது. ஸ்ரீமந்த் பாலாசாகேப் பாட்டீல் வழக்கு என அறியப்படும் அத்தீர்ப்பின் முக்கிய முடிவுகள்:

* ராஜிநாமா கடிதத்தைப் பரிசீலிக்கும்போது, அது தாமாக அளிக்கப்பட்டதா, உண்மையானதா என்பதை மட்டுமே பேரவைத் தலைவர் ஆராயலாம். அதன் அரசியல் நோக்கத்தை ஆராய அவருக்கு அதிகாரமில்லை.

* ராஜிநாமா அளித்துவிட்டதால், அதற்கு முந்தைய செயல்களுக்கான தகுதி நீக்க நடவடிக்கை செல்லாததாகிவிடாது. எனவே தகுதி நீக்கம் செல்லும்.

* தகுதி நீக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு இல்லை. ஆகவே 2023 வரை போட்டியிடத் தடை விதித்த பகுதி ரத்து செய்யப்படுகிறது.

இந்தத் தீர்ப்பினால் 17 பேரும் இடைத்தேர்தலில் போட்டியிடும் உரிமையைப் பெற்றனர். அரசியல் சாசனப் பொறுப்பில் உள்ள பேரவைத் தலைவர்கள் நடுநிலையிலிருந்து விலகிச் செயல்படும் போக்கு வளர்ந்து வருவது குறித்தும் தீர்ப்பு கவலை தெரிவித்தது.

டிசம்பர் 5-இல் 15 தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தலில் பாஜக 12 இடங்களிலும், காங்கிரஸ் 2 இடங்களிலும், சுயேச்சை ஓர் இடத்திலும் வென்றன. மஜத எந்த இடத்தையும் பெறவில்லை. தேர்தலில் மீண்டும் வென்றதால் தடை நீங்கிய 10 பேர், 2020 பிப்ரவரி 6-இல் அமைச்சர்களாயினர். ஹுன்சூர் தொகுதியில் தோல்வியுற்ற எச். விஸ்வநாத், பின்னர் சட்டமேலவைக்கு நியமன உறுப்பினரானார். நியமனம் என்பது தேர்தலில் வெற்றி பெறுவதற்கு ஈடாகாது என்பதால் அவர் அமைச்சராக முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 நவம்பரில் கூறியது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

காத்திருந்த தொகுதிகள்

கெடு குறித்த வாதங்களில் அதிகம் பேசப்படாதவர்கள் வாக்காளர்கள். காலியான 17 தொகுதிகளில் சிவாஜிநகர், கே.ஆர். புரம், யஷ்வந்தபுரம், மகாலட்சுமி லேஅவுட், ராஜராஜேஸ்வரி நகர் ஆகிய ஐந்தும் பெங்களூரு நகரில் உள்ளவை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவின்படி, இடம் காலியான ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும். குறிப்பிட்ட சூழல்களில் இதற்கு விலக்கு உண்டு. 2018 தேர்தல் முடிவு தொடர்பான வழக்குகள் நிலுவையில் இருந்ததால் ராஜராஜேஸ்வரி நகருக்கும், ராய்ச்சூர் மாவட்டத்தின் மஸ்கி தொகுதிக்கும் மற்றவற்றுடன் தேர்தல் நடத்தப்படவில்லை. ராஜராஜேஸ்வரி நகரில் 2020 நவம்பர் 3-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. மஸ்கி தொகுதியில் அது 2021 ஏப்ரல் 17 வரை தள்ளிப்போனது. உறுப்பினர் விலகுவதற்கான நேரம் மணிக்கணக்கில் வாதிடப்பட்ட வழக்கில், மஸ்கி வாக்காளர்கள் 20 மாதங்களுக்கும் மேலாகப் பேரவையில் பிரதிநிதி இல்லாமல் இருந்தனர்.

பிரிட்டன்: கெடு எழுதப்பட்டிருந்தும் வழக்கு

கால வரம்பைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் சர்ச்சை தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். பிரிட்டனின் அனுபவம் அதை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவு தெளிவான கெடுவைக் கூறுகிறது. விலகல் அறிவிப்பு அளித்த இரண்டு ஆண்டுகளில் உறுப்பு நாடு வெளியேறியதாகிவிடும். அனைத்து உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால் மட்டுமே அது நீட்டிக்கப்படும்.

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு, நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அரசு தானாகவே விலகல் அறிவிப்பை அளிக்க முடியாது என்று 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றப்பட்டு, 2017 மார்ச் 29-இல் அறிவிப்பு அளிக்கப்பட்டது. அதன்படி வெளியேறும் நாள் 2019 மார்ச் 29. அறிவிப்பை பிரிட்டன் தன்னிச்சையாகத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் கூறியது.

பின்னர் வெளியேறும் நாள் ஏப்ரல் 12-க்கும், அக்டோபர் 31-க்கும், இறுதியாக 2020 ஜனவரி 31-க்கும் மாற்றப்பட்டது. முதல் நீட்டிப்பே சட்டப்படி செல்லாது என்றும், மார்ச் 29-ஆம் தேதியே நாடு வெளியேறிவிட்டது என்றும் கூறித் தொடரப்பட்ட வழக்கை லண்டன் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. அக்டோபர் 31 கெடு நெருங்கிய நிலையில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்கச் செய்தார். 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு செப்டம்பர் 24-இல் அந்த ஒத்திவைப்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடன்பாடு எட்டப்படாவிட்டால் அக்டோபர் 19-க்குள் பிரதமர் நீட்டிப்பு கோர வேண்டும் என்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியிருந்தது. ஜான்சன் கையெழுத்திடாத கடிதத்தை அனுப்பி அந்தக் கெடுவை நிறைவேற்றினார்.

பிரிட்டனில் கெடு எழுதப்பட்டிருந்தது. அதை நகர்த்தும் அதிகாரம் யாருக்கு என்பது வழக்கானது. கர்நாடகத்தில் கெடுவே எழுதப்படவில்லை. அதை விதிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது வழக்கானது. இரு இடங்களிலும் இறுதி விடை 2019 டிசம்பரில் வாக்குச்சாவடியில்தான் கிடைத்தது. கர்நாடகத்தில் டிசம்பர் 5-இல் இடைத்தேர்தலும், பிரிட்டனில் டிசம்பர் 12-இல் பொதுத்தேர்தலும் நடந்தன.

தமிழகத்தில் விரைவும் தாமதமும்

கால வரம்பு இல்லாததன் விளைவைத் தமிழகமும் கண்டுள்ளது. 2017 ஆகஸ்ட் 22-இல், முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமிக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக டி.டி.வி. தினகரன் ஆதரவு அதிமுக உறுப்பினர்கள் ஆளுநரிடம் கடிதம் அளித்தனர். அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் பி. தனபால் செப்டம்பர் 18-இல் தகுதி நீக்கம் செய்தார். ஒரு மாதத்துக்குள் முடிவு எடுக்கப்பட்டது. இதுதொடர்பான வழக்கில் 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25-இல் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். அந்த 18 தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல் நடந்தது.

அதே பேரவையில், 2017 பிப்ரவரி 18-இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதான புகாரில் முடிவெடுக்கப்படவில்லை. இதை எதிர்த்து திமுக தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 பிப்ரவரியில், பேரவைத் தலைவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டதைக் குறிப்பிட்டு நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. ஒரே பேரவையில் ஒரு தரப்பினருக்கு நான்கு வாரங்களும், மற்றொரு தரப்பினருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆயின.

மூன்று மாத வரையறை

கர்நாடகத் தீர்ப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் முதன்முறையாகப் பொதுவான கால அளவு ஒன்றைக் குறிப்பிட்டது. மணிப்பூரில் காங்கிரஸ் சார்பில் வென்று பாஜக அரசில் அமைச்சரான உறுப்பினர் மீதான புகார் 2017 முதல் நிலுவையில் இருந்தது. 2020 ஜனவரி 21-இல் அளித்த தீர்ப்பில், அசாதாரணச் சூழல் இல்லாதவரை தகுதி நீக்க மனுக்கள் மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கப்பட வேண்டும் என்று நீதிபதி ஆர்.எஃப். நாரிமன் தலைமையிலான அமர்வு கூறியது. இந்த அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பது குறித்து நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. தொடர்ந்தும் முடிவெடுக்கப்படாததால், மார்ச் 18-இல் அந்த அமைச்சரை உச்ச நீதிமன்றமே பதவியிலிருந்து நீக்கியது.

இருப்பினும் தாமதங்கள் நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 2022 ஜூன் மாதத்தில் சிவசேனா பிளவுபட்டது தொடர்பான மனுக்கள் மீது, உச்ச நீதிமன்றம் விதித்த கெடுவின்படி 2024 ஜனவரி 10-இல்தான் முடிவு அறிவிக்கப்பட்டது. பாரத ராஷ்டிர சமிதியிலிருந்து காங்கிரஸுக்கு மாறிய தெலங்கானா உறுப்பினர்கள் மீதான மனுக்களை மூன்று மாதங்களுக்குள் முடிக்குமாறு 2025 ஜூலை 31-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆளுநருக்கான கெடு குறித்த சட்டம் வேறு திசையில் சென்றுள்ளது. தமிழக மசோதாக்கள் வழக்கில் 2025 ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள் அமர்வு, மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்புகளை வகுத்தது. குடியரசுத் தலைவர் கோரிய விளக்கத்துக்கு நவம்பர் 20-இல் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசமைப்புச் சட்டம் கூறாத கால வரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது என்று கருத்துத் தெரிவித்தது. விளக்கமின்றி நீண்ட காலம் செயல்படாமல் இருந்தால் மட்டும் வரையறுக்கப்பட்ட அளவில் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் அது கூறியது.

இன்றைய நிலை

தகுதி நீக்க மனுக்களுக்கு மூன்று மாதங்கள் என்ற அளவு நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. பத்தாவது அட்டவணையில் அது சேர்க்கப்படவில்லை. ராஜிநாமா கடிதங்களுக்கு அத்தகைய பொதுவான அளவும் இல்லை. ஒரே நாளில் முடிவெடுக்கச் சொன்ன 2019 ஜூலை 11 உத்தரவும், பொருத்தமான காலத்தை நீங்களே தீர்மானியுங்கள் என்ற ஜூலை 17 உத்தரவும் ஒரே வழக்கில், ஆறு நாள் இடைவெளியில், ஒரே அமர்வு பிறப்பித்தவை. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் நீதிமன்றமும் வழக்குக்கேற்ப நிலையை மாற்ற வேண்டியிருந்ததை அவை காட்டுகின்றன.

பத்தாவது அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்த தனித் தீர்ப்பாயம் இதுவரை அமைக்கப்படவில்லை. அதுவரை, அடுத்து எந்த மாநிலத்தில் கூட்டணி உடைந்தாலும், விலகுவோரின் கடிதம் முதலில் பேரவைத் தலைவரின் மேசைக்கும், அடுத்த சில நாள்களில் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லும் நிலையே தொடரும் என்பது குறிப்பிடத்தக்கது.